இரட்டை வேண்டுகோள்கள்

முதல் நாளே நேலிதா சொல்லிவிட்டாள்:
உங்கள் மூவருக்கும் கண் கிடையாது.
மிர்தா சிரித்தாள். லீபெர் கோபித்துக்கொண்டான்.
நான் மாத்தே குடுவையை வாங்கி
உலோகக் குழலில் ஒரு வாய் உறிஞ்சிவிட்டுத் தந்தேன்.

மொந்தெவிதேயோவில் ஜூலை.
கடல் என்று நம்பவைக்கும் ஆற்றிலிருந்து காற்று வந்து
ஜன்னலைப் பிடித்து உலுக்குகிறது.
பத்தொன்பது வருடம் இந்த ஆஸ்பத்திரியின் நிலவறையில்
டேட்டாபேஸோடு குடித்தனம் நடத்தியவன் நான்.
நோயாளி என்றால் எனக்கு எட்டு இலக்கம்.
வலி என்றால் ஒரு கட்டம்,
காலியாகவும் இருக்கலாம்.

இப்போது என்னிடம் கேட்கிறார்கள்:
ஒரு பட்டனை நடுவில் வை.

எதற்கு நடுவில்?
பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் இன்னொரு பெட்டி;
உள்ளே இருப்பதை நகர்த்தினால்
வெளியே இருப்பது முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிறது.
மூன்று மணிநேரம்.
கோடி வரிசைகளை நொடியில் அடுக்கும் கை
ஒரு பட்டனிடம் தோற்று மேஜைமேல் கிடந்தது.
என் ஸ்கிரீனில் நடுவில் நின்றது
மிர்தாவின் போனில் சுவரோரம் ஒண்டியது.

லீபெர் தன் பக்கம் முழுவதையும்
சாம்பல் நிறத்தில் செய்திருந்தான்.
தகவல் இருக்கிறதே, நிறம் எதற்கு என்றான்.
நேலிதா பதில் சொல்லவில்லை.
அவன் சிகரெட் பிடிக்கப் போனபோது
நாற்காலியில் கிடந்த கால்பந்துக் கழுத்துத்துணியை,
அந்த மஞ்சளை, அந்தக் கறுப்பை,
எடுத்து அவன் ஸ்கிரீன்மேல் போர்த்திவிட்டாள்.

இரண்டாவது வாரம் வகுப்பு இல்லை.
ஏழரைக்கு வெளிநோயாளிகள் கூடத்தில் உட்காருங்கள்,
லேப்டாப் வேண்டாம், வாயும் வேண்டாம்.

துறைமுகத்து ஆள். வலது கட்டைவிரல் பாதிதான்.
போனை மடியில் வைத்து
ஆள்காட்டி விரலால் எங்கள் பட்டனை அழுத்தினார்.
ஒன்றும் நடக்கவில்லை.
(நடந்தது. கீழே எல்லாம் நடந்துகொண்டிருந்தது.
எனக்குத் தெரியும். அவருக்கு யார் சொல்வது?)
மறுபடி அழுத்தினார்.
மறுபடி, கொஞ்சம் பலமாக,
உள்ளே ஆள் இருக்கிறதென்று தெரிந்தே
கதவைத் தட்டுகிறவர் போல.
மனைவியைப் பார்த்தார்.
அவள் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள்.
நான்காவது முறை.

எனக்கு இவரைத் தெரியும்.
முகமல்ல, லாகில் தெரியும்.
ஒரே எண், ஒரே வேண்டுகோள்,
கால் நிமிடத்துக்குள் நான்கு தடவை.
இதற்கென்றே ஒரு ஃபங்ஷன் எழுதியிருக்கிறேன்,
பதினோரு வரி, அழகானது.
முதலாவதை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொட்டிவிடும்.
குப்பை என்று பெயர் வைத்திருந்தேன்.
விருந்துகளில் சொல்லிக் காட்டியதும் உண்டு.

அன்றிரவு எவ்வளவு கொட்டியிருப்பேன் என்று
கணக்கெடுத்துப் பார்த்தேன்.
எண்ணைச் சொல்லமாட்டேன்.

எங்கள் ஊரில் மாத்தே சுற்றிவரும்போது
நன்றி என்று சொன்னால்
எனக்குப் போதும் என்று அர்த்தம்.
அதைச் சொல்லாதவரை
குடுவை திரும்பத் திரும்ப உன்னிடமே வரும்.
அவரும் அழுத்திக்கொண்டே இருந்தார்.
எங்கள் பக்கமிருந்து
யாரும் அந்த ஒரு சொல்லைச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை பட்டனுக்கு ஒரு பழக்கம் கற்றுக்கொடுத்தேன்:
விரல் பட்டதும் நிறம் கொஞ்சம் ஆழமாகட்டும்,
"கிடைத்தது, பார்க்கிறோம்" என்று எழுத்து வரட்டும்.
மொத்தம் ஆறு வரி.
பார்க்கிறோம் என்றால் யார், என்று கேட்டாள் மிர்தா.
ஒருவருக்கும் தெரியவில்லை. அப்படியே விட்டோம்.
லீபெர், யாரும் கேட்காமலே,
ஒரு நீலம் கொண்டுவந்தான்.

திங்கள் காலை லாகைத் திறந்தேன்.
ஓர் எண். ஒரு வேண்டுகோள்.
அடுத்த வரியில் வேறொருவர்.
அடுத்ததிலும் வேறொருவர்.
குப்பை வெறுமனே உட்கார்ந்திருந்தது.

பட்டன் மட்டும்
மிர்தாவின் போனில்
இன்னும் சற்று இடப்பக்கம்.